சொல்லத் தெரியாத குழந்தைக்குக் காக்ளியர் கருவியின் அளவை நிர்ணயிப்பது எப்படி?

பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை முடிந்து, சில வாரங்களில் காதின் பின்புறம் அணியும் பேச்சுச் செயலி முதன்முறையாக இயக்கப்படுகிறது. ஒலி கேட்கிறதா, உறுத்துகிறதா என்று ஒரு வயதுக் குழந்தையால் சொல்ல இயலாது. மின்னோட்டம் குறைந்தால் மெல்லிய பேச்சொலிகள் எட்டாது. மிகுந்தாலோ குழந்தை மிரண்டு கருவியைக் கழற்றி எறியும். பின்னர் அதனை மீண்டும் அணியச் செய்வது பெற்றோருக்குப் பெரும்பாடு.

உட்செவியில் பொருத்தப்படும் மின்முனைகள், தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 12 முதல் 22 வரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒலி கேட்கத் தொடங்கும் அளவும், உறுத்தாமல் உரக்கக் கேட்கும் உச்ச அளவும் தனித்தனியே நிர்ணயிக்கப்பட வேண்டும். இப்பணியே 'மேப்பிங்' எனப்படுகிறது.

இதற்குச் செவி நரம்பின் மறுமொழியே துணை நிற்கிறது. ஒரு மின்முனை சிறு மின்துடிப்பை அனுப்ப, அருகிலுள்ள மற்றொன்று நரம்பின் எதிர்வினையைப் பதிவு செய்து கணினிக்கு அனுப்புகிறது. அந்த எதிர்வினை ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். குழந்தை உறங்கும்போதும் அளவிடலாம். அறுவை சிகிச்சை மேசையிலேயே அளவிடுவதும் வழக்கம்.

எனினும் கணினி காட்டும் எண்ணை அப்படியே செயலியில் பதிவது தவறு. சோதனையில் விநாடிக்குச் சில பத்துத் துடிப்புகளே செலுத்தப்படுகின்றன. அன்றாடப் பயன்பாட்டிலோ பல நூறு. நரம்பு மறுமொழி தொடங்கும் அளவு பெரும்பாலும் மேற்கூறிய இரு அளவுகளுக்கும் இடையே விழுந்தாலும், எந்த இடத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே மின்முனைகளுக்கிடையேயான ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குழந்தையின் நடத்தையைக் கவனித்து மொத்த அளவையும் கேட்பியல் வல்லுநர்கள் உயர்த்தியோ தாழ்த்தியோ அமைக்கின்றனர். உச்ச அளவை மதிப்பிட, நடுச்செவித் தசையின் அனிச்சைச் சுருக்கமும் உதவுகிறது. மறுமொழி பதிவாகவில்லை என்பதாலேயே குழந்தைக்குக் கேட்காது என்று முடிவு செய்வதற்கில்லை.

மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு இக்கருவி பொருத்த நிதியுதவி வழங்கப்படுகிறது. மும்பையின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதன் ஒருங்கிணைப்பு முகமை. ஆனால் அறுவை சிகிச்சையோடு பணி முடிவதில்லை. முதல் ஆண்டில் அளவுகள் மாறிக்கொண்டே இருப்பதால், மேப்பிங்குக்குப் பலமுறை மையத்துக்கு வர வேண்டியுள்ளது. தொலைதூரக் கிராமத்துக் குடும்பங்கள் இடையில் நின்றுவிடும் கட்டம் இதுவே.

உரத்த ஓசைக்குக் குழந்தை கண்களை இறுக மூடினாலோ, பழகிய குரலுக்குத் திடீரெனத் திரும்பாமல் போனாலோ, அடுத்த தேதிவரை காத்திராமல் பெற்றோர் மையத்தை அணுகலாம்.