தாடை மூட்டு நோயும் கைவழி மருத்துவமும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துகளின் பிறப்புக்குரிய உறுப்புகளாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டினைச் சுட்டுகிறது. தாடை அவ்வரிசையில் தனித்து இடம்பெறவில்லை. எனினும் அகர ஆகாரங்கள் பிறப்பதற்குரிய அங்காத்தல் என்பது தாடை மூட்டின் இயக்கமே ஆகும். பேச்சுக்கும் உணவுக்கும் ஆதாரமான இம்மூட்டு நோயுறும்போது அவ்வலி காதுவலியாகவும் பல்வலியாகவும் தலைவலியாகவும் உணரப்படுவதால், நோயாளர் எந்த மருத்துவரை நாடுவது என்றறியாது அலைகின்றனர். இந்நோய்க்கான மருத்துவம் கையிலிருந்து கருவிக்குச் சென்று மீண்டும் கைக்குத் திரும்பிய வரலாற்றையும், அக்கை யாரைச் சென்றடைகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பண்டைய கைமுறைகள்

கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எகிப்தின் எட்வின் சுமித் பாப்பிரசு, பெருவிரல்களை வாயினுள்ளும் ஏனைய விரல்களை மோவாயின் கீழும் வைத்து, விலகிய தாடையைப் பொருத்தும் முறையைக் கூறுகிறது. சுசுருத சம்கிதை, வெப்பமூட்டி வியர்க்கச் செய்தபின் தாடையைப் பொருத்திக் கட்டுமாறு பணிக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் ஒற்றடம், வேது, தொக்கணம் ஆகியன அடங்கும். இவற்றை இன்றைய இயன்முறை மருத்துவத்தோடு ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. நோயைக் கணிக்கும் அடிப்படைகள் வேறானவை. ஆயினும் வெப்பம், அழுத்தம், அசைவு ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொதுவானவை.

கருவியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1934இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சேம்சு காசுடன், பல் இழப்பால் கடிப்பின் உயரம் குறைவதே இந்நோய்க்குக் காரணம் என்றார். 1948இல் ஆரி சிக்கர் அவ்விளக்கத்தை உடற்கூற்றியல் அடிப்படையில் மறுத்தார். ஆயினும், பற்களைத் தேய்த்துக் கடிப்பைத் திருத்தும் வழக்கம் நீடித்தது. 1969இல் டேனியல் லாசுகின், தசைச் சோர்வையும் மன அழுத்தத்தையும் முதன்மைக் காரணங்களாக முன்வைத்தார். 1980களில் அமெரிக்காவில் மூட்டின் வட்டுக்கு மாற்றாக டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருள்கள் பொருத்தப்பட்டன. அவை சிதைந்து எலும்பை அரித்தன; மீளா வலிக்குப் பலர் ஆளாயினர்.

2023இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டி, நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கு மூட்டை அசைத்துத் தளர்த்தல், தசை முடிச்சுகளை அழுத்திவிடல், மேற்பார்வையுடன் கூடிய தாடைப் பயிற்சி, உடல்நிலைப் பயிற்சி, அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. பெருஞ்செலவுக் கருவி ஏதும் இவற்றுக்குத் தேவையில்லை. பயிற்சி பெற்ற கை தேவை.

திண்டிவனம் கற்பித்த பாடம்

கைவழி மருத்துவம் பயன்பட வேண்டுமெனில் நோயாளியைத் தொடும் வாய்ப்பு மருத்துவருக்கு வேண்டும். அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டதன் விளைவைத் திண்டிவனம் கண்டிருக்கிறது. 1890களின் முற்பகுதியில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரில் ஓர் இரவில் மூவர் தத்தம் மனைவியரின் பேறுகால இடர்நிலைக்கு உதவி நாடி வந்தனர். மருத்துவரான தம் தந்தையை ஐடா சுகடர் அனுப்ப முன்வந்தபோது, ஆண் மருத்துவர் தொடலாகாது என மூவரும் மறுத்தனர். மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் மருத்துவர் மேரி வர்கீசு, 1954இல் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே மறுவாழ்வு மருத்துவம் பயின்று அத்துறையை வளர்த்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. இயன்முறை மருத்துவம் வேரூன்றிய வரலாற்றின் ஓர் இழை இவ்வாறு திண்டிவனத்தில் தொடங்குகிறது.

தாடை மூட்டு வலிக்கு ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக ஆளாகின்றனர். கையுறை அணிந்த விரலை வாயினுள் செலுத்தித் தசையைத் தளர்த்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆதலின் பெண் இயன்முறை மருத்துவர் கிடைப்பது இங்குச் சிறு செய்தியன்று; சிகிச்சை நிகழ்வதையே முடிவு செய்யக்கூடியது.

இன்றைய கட்டமைப்பு

1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு நடுவண் சட்டம், இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துணைநலத் துறைகளுக்குத் தேசிய ஆணையத்தை வகுத்தது. அதே ஆண்டு ஆகசுடு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. எனினும் தாடை வலியுற்றோர் நடமாடுகின்றனர், வயல்வேலைக்கும் செல்கின்றனர். படுக்கையில் கிடப்போரைத் தேடும் கண்ணுக்கு இவர்கள் நோயாளராகத் தென்படுவதில்லை.

முடிவுரை

சுவீடனின் பொதுப் பல் மருத்துவப் பணியில் மூன்று வினாக்கள் கேட்கப்படுகின்றன: நெற்றிப்பொட்டிலோ முகத்திலோ தாடையிலோ வாரம் ஒருமுறையேனும் வலி உண்டா? வாய் திறக்கையில் அல்லது மெல்லுகையில் வலி உண்டா? தாடை வாரம் ஒருமுறையேனும் பூட்டிக்கொள்கிறதா? வீடு தேடிச் செல்லும் நலப்பணியாளர் இவற்றைத் தமிழில் கேட்பதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை. திண்டிவனத்தில் அன்று மருத்துவர் இருந்தும் நோயாளரைத் தொட இயலவில்லை. இன்று தொடும் கை இருந்தும் நோய் கண்ணுக்குப் புலப்படாமையே தடையாகிறது. முன்னைய தடையைக் கல்வி தளர்த்தியது. பின்னையதை, கேட்கப்படும் ஒரு வினாவே தளர்த்தக்கூடும்.