வறுமை ஆசானா? இராமநாதபுரக் கடற்கரைத் தெருக்களை முன்னிட்டு ஒரு விசாரணை

எளிய தெருவிலே பிறந்து பெரும் பதவியை எய்தியவர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவர்களுக்கு வறுமையே ஆசானாக வாய்த்தது என்றும், பட்டினியே அவர்களைப் பக்குவப்படுத்தியது என்றும் கூறி முடிப்பது நம்மிடையே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. மேடையில் கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இக்கூற்று, ஆராய்ச்சிக்கு நிற்குமா என்பதே இக்கட்டுரையின் விஷயம். இல்லாமை ஒருவனுக்கு எதையாவது கற்பித்திருக்குமானால், அதே தெருவில் அதே இல்லாமையோடு வளர்ந்த ஏனைய பிள்ளைகள் ஏன் அதைக் கற்கவில்லை என்ற கேள்விக்கு அச்சரித்திரக்காரர்கள் விடை சொல்வதில்லை.

இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாக் ஜலசந்தியின் ஓரமாக அமைந்த திருப்பாலைக்குடி, சர்க்கார் கணக்கில் கிராமமேயாயினும், உழுது பயிரிட்டு உண்ணும் கிராமமன்று. கடலுக்குச் சென்றவர் கொண்டுவருவதையும், கடல் கடந்து சென்றவர் அனுப்புவதையும் நம்பி, அரிசி முதல் யாவற்றையும் விலைக்கு வாங்கியே பிழைக்கும் இத்தகைய கரையோர ஊர்களின் ஜீவனம், நகரத்து ஏழைப் பகுதிகளின் ஜீவனத்தையே பெரிதும் ஒத்திருக்கிறது. இங்கே வலையில் நண்டு ஏறிய நாள் ஒரு விதம், ஏறாத நாள் மற்றொரு விதம். வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்ததை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட்டாக வேண்டும்.

இத்தகைய ஊரில் ஒரு சிறுமி கற்கும் முதற் பாடம் எதுவென்று பார்க்க விரும்புவோர் பள்ளிக்கூடத்துக்குச் செல்ல வேண்டியதில்லை; மளிகைக் கடை வாசலில் சிறிது நேரம் நின்றால் போதும். கையில் காசில்லாமல் அரிசி வாங்க அனுப்பப்பட்ட அவள், கடையில் நாலு பேர் நிற்கையில் உள்ளே போவதில்லை. கூட்டம் கலையும் வரை எதிர்த் திண்ணையருகே நின்று, கடைக்காரர் தனித்திருக்கும் சமயம் பார்த்து, "அத்தா கடலுக்குப் போயிருக்காக, வந்ததும் தருவாகளாம்" என்று தணிந்த குரலில் சொல்கிறாள். அவர் நோட்டை எடுத்து எழுதினால் ஒரு பொருள். எழுதாமல் பழைய பாக்கியைப் படித்துக் காட்டினால் மற்றொரு பொருள். முகக்குறிப்பு அறிதல், காலமறிதல், சொல்லடக்கம் ஆகிய மூன்றும் இந்தச் சிறு வியவகாரத்தில் ஒருங்கே பயிலப்படுகின்றன. ஆயினும் இப்பாடத்தைக் கற்பித்தது இல்லாமையா, அல்லது கடன் எழுத இசைந்த அந்த நோட்டா? நோட்டை மூடிவிட்ட கடையின் வாசலில் எந்தப் பாடமும் நடைபெறுவதில்லை. அங்கே பசி மட்டுமே மிஞ்சுகிறது.

இவ்வேறுபாட்டைப் பிரத்தியட்சமாகக் காட்டும் சரித்திரம் இதே கடற்கரையைச் சேர்ந்தது. 1931 அக்டோபர் 15-இல் இராமேசுவரத்தில் பிறந்து பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த அப்துல் கலாம், இரண்டாம் உலக யுத்த காலத்தில் புளியங்கொட்டை பொறுக்கிக் கடையில் விற்று நாளொன்றுக்கு ஓரணா சம்பாதித்ததும், இரயில் இராமேசுவரத்தில் நில்லாது சென்ற காலத்தில், தனுஷ்கோடி மார்க்கத்தில் ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்கத் துணைநின்றதும் அனைவரும் அறிந்தவை. அறிந்தும் நாம் கவனியாது விடுவது, அந்த வேலையை அவருக்குக் கொடுத்தவர் யார் என்பதைத்தான். பத்திரிகை விநியோகம் அவருடைய உறவினர் சம்சுத்தீனுடையது. கட்டுகளைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, பிள்ளைக்குக் கூலியும் கிடைத்தது. அவருக்கு உலக விஷயங்களை எடுத்துச் சொன்ன ஜலாலுத்தீன், அவரைவிட ஏறத்தாழ பதினைந்து வயது மூத்தவர். குடும்ப நெருக்கடியால் தம்முடைய படிப்பு நின்றுபோனவர். புத்தகங்களை இரவல் கொடுத்தவர் மாணிக்கம் என்ற பழைய புரட்சிவாதி. மேற்படிப்புக்கு இராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே அய்யாத்துரை சாலமன் என்னும் ஆசிரியர் இருந்தார். இவர்களில் ஒருவரையும் வறுமை தருவிக்கவில்லை.

இன்னும் ஒன்று. சென்னை எம்.ஐ.டி.யில் சேர்வதற்குத் தேவைப்பட்ட சுமார் ஆயிரம் ரூபாய், அக்குடும்பத்தில் இல்லாத பணம். தமக்கை ஜோஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். உபகாரச் சம்பளம் பெறும் வரை உழைத்துப் படித்து அந்நகைகளை மீட்பது என்று தம்பி சங்கல்பம் செய்துகொண்டார் என்பதைப் புகழ்ந்து எழுதுகிறோம். அதே ஊக்கத்தோடு அந்தத் தமக்கையின் படிப்பைப் பற்றி எழுதியவர் யார்? கடற்கரைத் தெருக்களில் ஓர் ஆண்பிள்ளை மேலேறுவதற்கு வேண்டிய முதலீடு, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்தோ கையிலிருந்தோ கழற்றப்படுகிறது. போதாக்குறைக்கு, கலாம் அவர்களே தம்முடையதை நடுத்தரக் குடும்பமென்றுதான் குறித்திருக்கிறார். சொந்தமாகக் கட்டட வீடும், பலருக்கு அன்றாடம் உணவிட்ட அடுக்களையும் அங்கே இருந்தன. ஏழ்மையின் திருஷ்டாந்தமாக நாம் ஓயாது எடுத்தாளும் சரித்திரமே, அத்தெருவில் சற்றே மேலான நிலையிலிருந்த ஒரு வீட்டின் சரித்திரம் என்பது சிந்திக்கத்தக்கது.

மேனாட்டிலும் இந்த வாதம் நடந்திருக்கிறது. மெக்ஸிகோவின் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்த ஆஸ்கார் லூயிஸ், 1959-இல் வெளியிட்ட நூலில் தொடங்கி, வறுமைக்கென ஒரு கலாசாரம் உண்டென்றும், அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறதென்றும் வாதித்தார். அமெரிக்க நகரமொன்றின் கறுப்பினக் குடும்பங்களோடு பழகி 1974-இல் எழுதிய கேரல் ஸ்டாக், சீர்கேடு என்று பிறர் கண்ட இடத்தில், பணமும் பண்டமும் பிள்ளைகளைப் பேணும் பொறுப்பும் உறவினரிடையே கைமாறிக்கொண்டேயிருக்கும் ஓர் ஒழுங்கைக் கண்டார். கைமாற்று என்று நம் தெருக்களில் வழங்கும் வட்டியில்லாச் சிறுகடனை அறிந்தவர்களுக்கு ஸ்டாக்கின் கருத்து வியப்பளிக்காது. ஆனால் அவரும் மறைக்காத ஓர் உண்மையுண்டு: கொடுத்துக் கொண்டேயிருக்க வேண்டிய கடப்பாடு, சேமித்து வெளியேற நினைப்பவரைப் பின்னுக்கு இழுக்கவும் செய்யும். தெரு தாங்கும், பிடித்தும் வைக்கும்.

வறுமை புத்தியைக் கூர்மையாக்கும் என்பாருக்கு, தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட பரிசோதனை ஒன்று இடையூறாக நிற்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர், 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் கையில் காசில்லாத காலத்திலும், அறுவடைக்குப் பின் காசிருந்த காலத்திலும் சோதித்து, 2013-இல் சயன்ஸ் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். ஆளும் அவரே, படிப்பும் அதுவே. ஆயினும் பண நெருக்கடி மிகுந்த நாட்களில் அவருடைய யோசனாசக்தி குன்றியிருந்தது. கணக்கிட்ட முறையைக் குறித்து ஆட்சேபங்கள் எழுந்ததுண்டு. எனினும், அடுத்த வேளைக் கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்ற அடிப்படைக் கருத்தை, மாதக் கடைசியில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த எந்தத் தகப்பனும் மறுக்கமாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஆராய்ச்சியைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது பொருத்தம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லை. ஆகவே ஒரே கரையில், ஒரே கல்வி நிலையுள்ள இரு வகைக் குடும்பங்களில் ஒன்றுக்கு மட்டும் வருமானம் நின்றுபோகிறது. அது நின்றிருக்கும் காலத்திலேயே பள்ளிகள் திறக்கின்றன, கல்லூரிகளில் சேர்க்கை நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் புத்தகமும் சீருடையும் இலவசம் என்பது உண்மையே. கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் அவ்வாறல்ல. தடைக்கால நிவாரணத்தை ரூ. 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். தொகை எவ்வளவு என்பதோடு, அது எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பதும் ஆராயத்தக்கது. ஏப்ரலிலேயே வந்துசேரும் பணம், மே மாதத்தில் வட்டிக்கு வாங்கும் பணத்தை எவ்வளவு குறைக்கிறது, ஜூனில் அவ்வீட்டுப் பிள்ளையின் சேர்க்கையை எவ்விதம் மாற்றுகிறது என்பவற்றை, விசைப்படகு வீடுகளையும் நாட்டுப்படகு வீடுகளையும் பக்கத்தில் வைத்து மார்ச்சிலும் ஜூனிலும் அளந்து பார்க்கலாம். கரும்புத் தோட்டத்தில் செய்ததை இக்கரையில் செய்வதற்குப் பல்கலைக்கழகங்களுக்குத் தடைக்காலம் எதுவும் இல்லை.