எமது துறைமுகமும் பெரிபெரியும்

கால் வீங்கினால் வாதம் என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறோம். அந்த வீக்கத்துக்கு எமது ஊரில் பழைய சரித்திரம் உண்டு.

1800களின் தொடக்கத்தில் திருகோணமலையில் இருந்த பிரித்தானியப் படையினர் பலர் பெரிபெரி வருத்தத்தால் இறந்தார்கள். "இயலாது" என்ற சிங்களச் சொல்லை இரட்டித்து வந்த பெயர் என்பார்கள். அதில் ஒரு வகை இருதயத்தைத் தளர்த்தி, உடம்பில் நீர் கோர்த்து, மூச்சை முட்ட வைக்கும்.

காரணம் தெளிவாக நூறு வருடம் சென்றது. 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் டொக்டர் பிளெட்சர் நோயாளரை இரண்டு பங்காக்கினார். தீட்டிய பச்சையரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே, அவர்களும் வருத்தத்தோடு வந்தவர்கள். மலாயாவில் புழுங்கல் சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர் தப்பியதும் இதனால்தான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 விட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். (எமது உம்மம்மாமார் இதைப் படித்துவிட்டா நெல் அவித்தார்கள்!)

இன்று பெரிபெரி அரிது. இருதயத்தைத் தளர்த்துவது பெரும்பாலும் மாரடைப்பும் பிரஷரும் சீனி வருத்தமும். அடையாளம் மாறவில்லை: கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல். வீக்கம் வடிந்ததும் கிளினிக் குளிசையை நாமாக நிறுத்துகிறோமே, அதுதான் பயம். இருதய நோயாளி இருக்கும் வீட்டில் தினமும் காலையில் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.