கிண்ணங்கள் சொன்ன வேகம்: காற்றளவீட்டின் வரலாறும் வீட்டுக் காற்றாலையும்

அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் இருந்த தாமஸ் ராம்னி ராபின்சன், 1846இல் நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் கொண்ட காற்றுமானியை அறிமுகப்படுத்தினார். கிண்ணத்தின் அளவும் கையின் நீளமும் எதுவானாலும், கிண்ணங்கள் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுழலும் என்பது அவர் கண்ட முடிவு. கிண்ணங்கள் கடந்த தொலைவை மூன்றால் பெருக்கினால் காற்றோட்டம் தெரிந்துவிடும். வானிலை நிலையங்கள் பலவற்றில் இக்கருவி இடம்பிடித்தது. ஆனால் அந்த விகிதம் தவறு. கிண்ணத்தையும் கையையும் பொறுத்து அது 2 முதல் 3க்குச் சற்று மேல்வரை மாறும் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. அதற்குள் பல பதிவேடுகளில் மிகையான வேகங்கள் ஏறியிருந்தன.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க நினைப்பவருக்கு இது சிறிய பிழை அன்று. காற்றின் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. 2.2ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 3ஆல் பெருக்கினால் வேகம் 36 விழுக்காடு கூடித் தெரியும். திறனோ இரண்டரை மடங்காகத் தெரியும்.

வீட்டுக்கு மின்சாரம் தந்த முதல் காற்றாலை, ஸ்காட்லாந்தின் மேரிகர்க் சிற்றூரில் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் 1887இல் தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் நிறுவியது. துணிப் பாய்களால் சுழன்று சேமிப்பு மின்கலங்களுக்கு மின்னேற்றியது அது. புயற்காற்றில் கட்டுமீறிச் சுழலாத வடிவத்தைத் தேடிய பிளைத், பின்னர் ராபின்சனின் கிண்ணங்களையே பெரிதாக்கினார். அளக்கும் கருவி ஆற்றல் தரும் பொறியாக மாறிய இந்த நிகழ்வுக்கு வரலாற்று நூல்கள் இன்னும் கூடுதல் இடம் தந்திருக்கலாம்.

1926இல் கனடாவின் ஜான் பாட்டர்சன் மூன்று கிண்ணக் கருவியைக் கொண்டுவந்தார். காற்றின் மாற்றத்துக்கு அது விரைந்து ஈடுகொடுத்தது. எனினும் கிண்ணக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஓர் இயல்பு உண்டு: வீச்சில் விரைந்து வேகமெடுக்கும், தணியும்போது தாமதித்தே வேகம் குறையும். கூரையோரக் கொந்தளிப்பில் அவை சற்றே மிகையாகச் சொல்வது இதனால்தான்.

கருவி திருந்தினாலும் கேள்வி திருந்தவில்லை என்பதே இங்கு முக்கியம். வானிலை நிலையங்கள் பெரிதும் சராசரியைக் கேட்டன. கட்டடப் பொறியாளர்கள் உச்ச வீச்சைக் கேட்டார்கள். ஆற்றலுக்கு இரண்டும் போதா. பாதி நேரம் நொடிக்கு 3 மீட்டரும் பாதி நேரம் 7 மீட்டரும் வீசினால் சராசரி 5. அதன் மும்மடி 125. மும்மடிகளின் சராசரியோ 185. எந்த வேகம் எத்தனை மணி நேரம் வீசியது என்ற கணக்கு இல்லாமல் விளைச்சலைச் சொல்ல முடியாது. 1941இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மலைமுகட்டில் இயங்கத் தொடங்கிய பால்மர் புட்னமின் பெரிய காற்றாலையும், மதிப்பிட்டதைவிடக் குறைந்த காற்றையே கண்டது. இங்கிலாந்தில் காற்று மின்சாரம் பற்றி 1955இல் வெளிவந்த கோல்டிங்கின் நூல் வேகம்–கால அளவு வளைகோட்டை விரிவாக விளக்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானிலை அறிஞர் அன்னா மணி, இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளை 1983இல் நூலாகத் தொகுத்தார். காற்றாலைக்காகவே இடங்களைத் தேர்ந்து அளக்கும் பணி இங்கே வேர்பிடித்ததில் அவர் பங்கு பெரிது.

வீட்டுக்காரரிடம் இந்த அறிவு முழுமையாக வந்துசேரவில்லை. பிரிட்டனில் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகக் காற்றின் வேகத்தைத் தந்த நோபல் (NOABL) என்ற தரவுத்தளத்தை நம்பிப் பலர் கூரையில் சிறு காற்றாலைகளைப் பொருத்தினார்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்து வீட்டுச் சுவரும் மரமும் தெரியா. 2009இல் வெளியான வார்விக் சிறு காற்றாலைச் சோதனையும் எரிசக்திச் சேமிப்பு அறக்கட்டளையின் கள ஆய்வும், நகர்க் கூரைகளில் கிடைத்த மின்சாரம் எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவு என்று காட்டின. சுழலி நிற்கப்போகும் உயரத்திலேயே ஓராண்டு அளப்பதுதான் முறை. ஆனால் சிறு பொறிக்கு அளவீட்டுக் கம்பத்தின் செலவே பெரும் சுமை. எனவே சில மாதம் அளந்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் நெடுங்காலப் பதிவோடு ஒப்பிட்டு, மீதியைக் கணக்கிடும் வழி கையாளப்படுகிறது. பருவத்துக்குப் பருவம் காற்று பெரிதும் மாறும் ஊர்களில், அந்தச் சில மாதங்கள் எவை என்பதைப் பொறுத்தே முடிவின் நம்பகம் அமையும்.