ஓவர்டிரைவ் விளக்கின் இரட்டை வேலை

ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப் டிரக்குகளில் இ4ஓடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 1989-இல் வந்தது. 1966 முதல் புழக்கத்தில் இருந்த சி6 என்ற மூன்று கியர் பெட்டியின் வாரிசு அது. நான்காவதாக, இன்ஜினைவிட வேகமாகச் சுழலும் ஓவர்டிரைவ் கியர் சேர்ந்தது. ஆனால் உண்மையான மாற்றம் வேறிடத்தில் நடந்தது. கியர் எப்போது மாற வேண்டும் என்பதை அதுவரை எண்ணெய் அழுத்தமும் இன்ஜினின் உறிஞ்சு விசையும் தீர்மானித்தன. இ4ஓடியில் அந்தப் பொறுப்பு கம்ப்யூட்டருக்குப் போயிற்று. மின் வால்வுகளான ஐந்து சாலினாய்டுகள் அதன் கட்டளைப்படி எண்ணெயின் வழியைத் திறந்தும் மூடியும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வேலை செய்தன.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரமேட்டிக் வந்த காலத்திலிருந்தே ஆட்டோமேட்டிக் பெட்டியின் நோயை மெக்கானிக்குகள் எண்ணெயில்தான் தேடினார்கள். டிப்ஸ்டிக்கை உருவி நிறம் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று பொருள். மின்கம்பியிலோ சென்சாரிலோ நேரும் கோளாறு அப்படி எண்ணெயில் தெரியாது. அதைச் சொல்ல ஒரு விளக்கு தேவைப்பட்டது.

ஃபோர்டு அதற்குத் தனி விளக்கு வைக்கவில்லை. பாரம் இழுக்கும்போது ஓவர்டிரைவை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் எரியும் விளக்குக்கே இரண்டாவது வேலையும் கொடுக்கப்பட்டது. நிலையாக எரிந்தால் ஓவர்டிரைவ் நிறுத்தத்தில் இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் பெட்டியின் மின் அமைப்பில் கோளாறு. தனி விளக்கு இருந்திருந்தால் பல ஓட்டுநர்களின் குழப்பம் தீர்ந்திருக்கும்.

விளக்கு இப்படி மின்ன அடிக்கடி காரணமாக இருந்தது கியர் நெம்புகோலின் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மின்தடை. அதன் வழியே வரும் வோல்டேஜைக் கொண்டு நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் அறியும். பெட்டியின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டதால் சாலை நீரும் சூடும் அதை அரித்தன. உள்ளே தொடுமுனை தேய்ந்தபின் வோல்டேஜ் தடுமாறும், விளக்கு மின்னும், கியர் முரட்டுத்தனமாக விழும். வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் விளக்கு அணைந்து, சில மைல் கழித்துத் திரும்ப வரும். பெட்டியே போய்விட்டது என்று நினைத்து நல்ல பெட்டியைக் கழற்றிப் பிரித்தவர்கள் உண்டு. சென்சாரை மாற்றி, நெம்புகோலை நியூட்ரலில் வைத்துச் சரியாகப் பொருத்தியிருந்தாலே போதும்.

விடை வண்டிக்குள்ளேயே இருந்தது. விளக்கு அணைந்தாலும் கோளாறின் எண் கம்ப்யூட்டர் நினைவில் தங்கியிருக்கும். இன்ஜின் அறையில் உள்ள சோதனை இணைப்பில் ஒரு கம்பித் துண்டைச் செருகிச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு அந்த எண்ணை மின்னிக் காட்டும். அதை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் இந்த எண்கள் இரண்டு இலக்கத்திலிருந்து மூன்று இலக்கமாயின. 111 வந்தால் கோளாறு இல்லை. 634 வந்தால் நெம்புகோல் சென்சாரின் வோல்டேஜ் வரம்பில் இல்லை. இதைப் படிக்காமல் பேட்டரி இணைப்பைக் கழற்றியவர்கள் சாட்சியை அழித்துவிட்டார்கள்.

இந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் தரமுறை கட்டாயமானபோது 16 முனை இணைப்பும் பொதுவான எண்களும் வந்தன. பி0700 என்றால் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் ஏதோ பிழை; பி0705 என்றால் அதே நெம்புகோல் சென்சாரின் சுற்று. இ4ஓடிக்குப் பின் வந்த 4ஆர்100 பெட்டியிலும் கோளாறைச் சொல்ல ஃபோர்டு அந்த ஓவர்டிரைவ் விளக்கையே மின்ன வைத்தது.