மாம் மரபணு

மாம் மரபணு என்பது மியூ எனப்படும் வைரசின் டி.என்.ஏ.வில் அமைந்துள்ள ஒரு மரபணு ஆகும். மியூ, எசரிக்கியா கோலை முதலிய பாக்டீரியாக்களைத் தாக்கும் பாக்டீரியாத் தின்னி வைரசு ஆகும். இது 1963இல் கண்டறியப்பட்டது. மாம் மரபணுவிலிருந்து உருவாகும் நொதி, வைரசின் டி.என்.ஏ.வில் வேதி மாற்றம் செய்து அதனைப் பாதுகாக்கிறது.

செயல்பாடு

அயல் டி.என்.ஏ. உள்ளே நுழைந்தால், அதனைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி அழிக்கும் நொதிகள் பல பாக்டீரியாக்களில் உள்ளன. மாம் நொதி, வைரசு டி.என்.ஏ.வின் அடினின்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை மாற்றியமைக்கிறது. இதனால் பலவகை வெட்டு நொதிகள் அதனை வெட்ட இயலாமல் போகின்றன. இப்பண்பினை அரியான் துசான் 1976இல் விளக்கினார். அடினினுடன் கார்பமாயில்மெத்தில் தொகுதி இணைவதே இம்மாற்றம் என்பதை இசுடான்லி ஆட்மன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் கண்டறிந்தனர்.

கட்டுப்பாடு

மாம் நொதி பாக்டீரியாவுக்கு நச்சாகும். வைரசு பெருகி முடிக்குமுன் பாக்டீரியா இறந்தால் வைரசுக்கே இழப்பு. ஆகவே இம்மரபணு வைரசு பெருக்கத்தின் இறுதிக் கட்டத்தில் மட்டுமே இயங்குகிறது. இதற்கு மூன்று கட்டுப்பாடுகள் உள்ளன:

1. பாக்டீரியாவின் ஆக்சிஆர் புரதம் மரபணுவின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து படியெடுத்தலைத் தடுக்கிறது. பாக்டீரியாவின் டாம் நொதி அப்பகுதியில் மெத்தில் தொகுதிகளைச் சேர்த்தால் ஆக்சிஆர் அங்கு அமர இயலாது.
2. தடை நீங்கிய பின்னரும், வைரசின் சி புரதம் இருந்தால்தான் படியெடுத்தல் நிகழும்.
3. தூது ஆர்.என்.ஏ.வில் புரத உருவாக்கம் தொடங்கும் இடம் மடிப்பினுள் மறைந்துள்ளது. வைரசின் காம் புரதம் அம்மடிப்பைத் திறக்கிறது.

படியாக்கமும் ஆய்வும்

நச்சுத்தன்மை காரணமாக, இம்மரபணுவைப் பிளாசுமிடில் இணைத்துப் படியாக்கம் செய்யும்போது அதன் இயக்கத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும். மரபணுவுடன் அதன் இயல்பான தொடக்கப் பகுதியையும் சேர்த்து இணைத்தால், சி புரதம் தனியே அளிக்கப்படும் வரை அது பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

இந்தியாவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜாவின் குழுவினர் இம்மரபணுவை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சி புரதம் டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்தி, ஆர்.என்.ஏ. பாலிமரேசு நொதி அதனுடன் இணைய வழி செய்கிறது என்பதை இவர்கள் 2001இல் வெளியிட்டனர். பழமையான புரத மடிப்பு ஒன்றிலிருந்து மாம் நொதி தோன்றியது என்பதை 2020இல் வெளியான இவர்களது ஆய்வு விளக்கியது. அசிட்டைல் தொகுதிகளை இடம் மாற்றும் நொதிகளிலும் அம்மடிப்பே காணப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- பாக்டீரியாத் தின்னி
- மரபணுப் படியாக்கம்