இரண்டாவது நகல்

கோலார் தங்கவயலைப் பற்றிய இரண்டு கேள்விகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் என்னிடம் வந்து சேர்ந்தன. முதலாவது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடியேறிவிட்ட ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினுடையது. தங்கள் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவராம்; எந்த ஊர் என்று தெரிய வேண்டும். இரண்டாவது, தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் ஐந்து விளக்குப் பக்கம் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது பெங்களூரில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியருடையது. “எங்க கொள்ளுத்தாத்தா வடாற்காட்டுப் பக்கமிருந்து வந்தாராம் சார். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல” என்றார்.

இரண்டு கொள்ளுத்தாத்தாக்களும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரே சுரங்கப் பகுதிக்கு வேலை தேடி வந்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்திருக்கவும் கூடும். இரண்டு தேடல்களையும் சேர்த்தே நடத்துவது என்று முடிவு செய்தேன். குடும்பங்களின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். தடம் எப்படிக் கிடைத்தது, எங்கே அறுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குத் தேவை.

முதலில் அந்தச் சுரங்கப் பகுதியின் கதை. அங்கே இருந்த தங்கத்தைப் பற்றி 1804இல் லெப்டினன்ட் ஜான் வாரன் எழுதிவைத்த குறிப்பைப் படித்துவிட்டு, மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் என்ற அயர்லாந்துப் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டு வாங்கினார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் ஓடியது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கவயலில் 38,204 பேர். பெரும்பாலோர் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும். மேலே பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு சிறு கூட்டம்.

பெர்த் குடும்பத்தின் கேள்வியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது “ஸ்காட்லாந்து” என்பதையே. தங்கவயலுக்கு வந்த வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள். அங்கே தகரம், செம்புச் சுரங்கங்கள் நொடித்துப்போனதும் உலகமெங்கும் பரவியவர்கள். டிரெ, பொல், பென் என்று தொடங்கும் குடும்பப் பெயர் என்றால் அநேகமாக கார்னிஷ்காரர்தான். இந்தக் குடும்பப் பெயர் அப்படி இல்லை. கையில் இருந்த மற்றத் தடயங்கள் இரண்டு. கொள்ளுத்தாத்தா சைனைடு ஆலையில் வேலை பார்த்தவர் என்ற வாய்மொழிச் செய்தி ஒன்று. பிள்ளைகளின் பிறந்த தேதிகள் எழுதப்பட்ட ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கம் இன்னொன்று.

சைனைடு என்றதும் என் கவனம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. தாதுப் பொடியிலிருந்து தங்கத்தை சைனைடு கரைசலால் பிரித்தெடுக்கும் முறையை 1887இல் அங்கேதான் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்தார்கள். அதே நகரத்தின் ரசாயனத் தொழிலதிபர் சர் சார்லஸ் டென்னன்ட் மைசூர் தங்கச் சுரங்கத்திலும் பணம் போட்டவர். மைசூர் மைனில் டென்னன்ட் ஷாஃப்ட் என்று ஒன்று இருந்ததைப் பழைய தொழிலாளர்கள் சொல்வார்கள். கிளாஸ்கோவின் பணமும் நுட்பமும் வந்த வழியில் அந்த ஊர் ஆளும் வந்திருக்கலாம். இது ஊகம்தான், ஆனால் எங்கே தேடுவது என்று அது காட்டியது.

அடுத்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்கள். சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் பணியாற்றிய பாதிரிமார்கள் தாங்கள் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஒவ்வொன்றுக்கும் நகல் எழுதிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அது லண்டன் போகும். அந்த வரிசையில் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகள் கிடைத்தன. தகப்பன் தொழில், வசித்த இடம் எல்லாம் வாய்மொழிச் செய்தியோடு ஒத்துப்போயின. ஜெபப் புத்தகத்தில் முதலெழுத்தாக மட்டும் இருந்த, மூத்த மகனின் நடுப்பெயர் இங்கே முழுதாக இருந்தது. அது ஒரு குடும்பப் பெயர்.

ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் பெயர் வைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. மூத்த மகனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். பாட்டியின் பிறந்தகப் பெயரை நடுவில் வைக்கும் வழக்கமும் உண்டு. எல்லாரும் கண்டிப்பாகப் பின்பற்றியதாகச் சொல்ல முடியாது. தேடுகிறவனுக்கு ஒரு முனை கிடைக்க அது போதும்.

ஸ்காட்லாந்தின் ஆவணங்கள் இரண்டு காலமாகப் பிரிகின்றன. 1855 ஜனவரி 1இல் அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முன் இருந்தவை திருச்சபைப் பங்குகளின் பழைய பதிவேடுகள். அவற்றைத் தவிர 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்கள் இருக்கின்றன. நூறு ஆண்டு ஆனதும் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1841 தாளில் வயதைத் தோராயமாகத்தான் எழுதினார்கள். 1851 முதல் வயது, தொழில், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்தப் பங்கில் பிறந்தவர் என்று எல்லாம் உண்டு.

1891 தாள்களில் அதே பெயரில், பொருந்தக்கூடிய வயதில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் 1901இலும் அதே ஊரில் மனைவி மக்களோடு இருக்கிறார். அவர் நம்மவர் இல்லை. இன்னொருவர் கணக்கெடுப்பு முடிந்த சில ஆண்டுகளில் இறந்துவிட்டார். மூன்றாமவர் கிளாஸ்கோவில் ரசாயன ஆலைத் தொழிலாளி. 1901இல் அவர் ஸ்காட்லாந்தில் எங்குமே இல்லை.

இல்லை என்பது சாட்சியாகாது. அவருடைய பிறப்புப் பதிவை வரவழைத்தேன். தாயின் பிறந்தகப் பெயரைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. தங்கவயலில் பிறந்த மூத்த பையனின் நடுப்பெயர் அதுவேதான்.

அதன் பிறகு தேடல் வேகமெடுத்தது. இதற்குக் காரணம் ஸ்காட்லாந்துப் பதிவுமுறை. பிறப்புப் பதிவிலேயே பெற்றோருக்கு எந்தத் தேதியில், எந்த ஊரில் திருமணம் நடந்தது என்று இருக்கும். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தந்தையர் பெயர்கள் இருக்கும். இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயர், தாயின் பிறந்தகப் பெயர் உட்பட, இருக்கும். இங்கிலாந்தின் அந்தக் காலத்து இறப்புப் பதிவில் இது கிடையாது. ஆகவே 1870களில் முதுமையில் இறந்த ஒருவரின் பதிவு நம்மை 18ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. லானார்க்‌ஷயரில் கைத்தறி நெய்த ஒரு தம்பதியர் வரை போக முடிந்தது. அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவு அகப்படவில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. வரிக்குப் பயந்து பதியாமல் விட்டவர்கள் பலர். திருச்சபையிலிருந்து பிரிந்துபோன சபைகளில் சேர்ந்தவர்களின் பெயர்களும் பங்குப் பதிவேட்டில் பெரும்பாலும் ஏறவில்லை. எப்படியானாலும் பெர்த் குடும்பத்துக்கு ஆறு தலைமுறை மேலே போய்விட்டோம்.

வங்கி ஊழியரின் தேடலில் இப்படி ஒரு வாசலும் இல்லை. தங்கவயலின் 38,204 பேரையும் எண்ணியபோது வீடு வீடாகப் பெயர் கேட்டிருப்பார்கள். கணக்கு அறிக்கையாக அச்சானது. பெயர் இருந்த தாள்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டம் கணக்கெடுப்புத் தாள்களை யாரும் பார்வையிட முடியாது என்கிறது. நூறு ஆண்டு கழித்துத் திறப்பது என்ற ஏற்பாடும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுக்கக் கட்டாயமானது 1969 சட்டத்தால்தான். சுரங்க ஆய்வு அறிக்கைகளிலோ பாறை வெடிப்பு, கல் சரிவு, வெடிமருந்து என்று காரணவாரியாகச் சாவுகளின் தொகை மட்டுமே இருக்கிறது.

தொழிலாளியை அடையாளம் காண கம்பெனி விரும்பாமல் இல்லை. 1930இல் கைரேகைப் பதிவைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலையை விட்டு நீக்கப்பட்டவன் வேறு மைனில் சேராமல் தடுக்கத்தான் அந்த ரேகை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் எந்த ஊர்க்காரன், யார் மகன் என்பது அதிகாரிகளின் அக்கறைக்குள் வரவில்லை.

எனவே தாளை விட்டுவிட்டு ஆளிடம் போனேன். வங்கி ஊழியரின் அத்தைக்குத் தொண்ணூறு வயதிருக்கும். ஊர்ப் பெயரைக் கேட்டால் தெரியவில்லை. எந்தச் சாமிக்கு மொட்டை அடித்தீர்கள் என்று கேட்டதும் பேச்சு வந்தது. “எங்க அண்ணன் புள்ளைங்க எல்லாத்துக்கும் அங்கதான்யா மொட்டை போட்டு காது குத்துனோம். வண்டி கட்டினு பேர்ணாம்பட்டு தாண்டிப் போவோம். ஏரிக்கரை மேல கோயிலு, ரெண்டு பனமரம். பொங்க வெச்சிட்டு, பெரியப்பா வூட்ல ராத்தங்கல்.” மொட்டை, காதுகுத்து என்று போய்வந்த வழிதான் இந்தக் குடும்பத்தின் பங்குப் பதிவேடு. குடியாத்தம் பக்கத்தில் ஏரிக்கரைக் கோயில் உள்ள ஊர்களை விசாரித்து, அத்தை சொன்ன அடையாளங்களோடு ஒத்துப்பார்த்து, ஒரு கிராமத்துக்கு வந்தோம்.

அந்த ஊரில் ஆதிதிராவிடர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிபந்தனை நிலத்தின் பழைய பதிவேட்டில், அத்தை பெரியப்பா என்று சொன்னவரின் பெயர் தகப்பன் பெயரோடு இருந்தது. ஆனால் அவர்தான் இவர் என்று எப்படி உறுதி செய்வது? சான்று தங்கவயல் வீட்டுப் பரணிலேயே இருந்தது. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட ஒரு சிறு நூல். அயோத்திதாசரின் வழி வந்த பௌத்தர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் நடத்தி, அவருடைய எழுத்துகளை அச்சிட்டு, அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர்கள். பகலில் பூமிக்கடியில் கல் உடைத்த அந்த வீட்டு மனிதர், அத்தையின் தந்தை, இரவில் படித்த அந்த நூலின் உள்பக்கத்தில் தன் பெயர், தகப்பன் பெயர் இரண்டையும் எழுதிவைத்திருந்தார். நிலப் பதிவேட்டில் இருந்த தகப்பன் பெயரும் அதுவே. குடும்பத்தின் மூத்த பேரனுக்கு வைத்த பெயரும் அதுவே. ஸ்காட்லாந்தில் உதவிய வழக்கம் இங்கேயும் உதவியது.

நான்கு தலைமுறைக்கு மேல் போக முடியவில்லை. அதற்கு முன் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. அந்தப் பஞ்சத்தைக் கடந்து வந்த கூலிக் குடும்பங்களின் பெயரை எழுதியவர் இல்லை.

இதற்குள் பெர்த் குடும்பத்தில் இன்னொரு கிளை பாக்கி இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் மனைவி, அதாவது கொள்ளுப்பாட்டி, இந்தியாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு லண்டன் நகல்களிலேயே இருந்தது. மணமகன் ரயில்வே ஊழியர், தந்தை பெயர் உண்டு. மணமகளுக்கு ஒரு கிறித்தவப் பெயர் மட்டும். குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் வர வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. இப்படிப்பட்ட பதிவுகளில் மணமகள் பெரும்பாலும் இந்தியப் பெண்தான். ஒரு பக்கம் லானார்க்‌ஷயர் வரை போன குடும்பம், இந்தப் பக்கம் வங்கி ஊழியரின் குடும்பம் நின்ற அதே இடத்தில் வந்து நின்றது. பெர்த்துக்கு இதைத் தயங்கித்தான் எழுதினேன். அவர்கள் கேட்ட அடுத்த கேள்வி, அந்தப் பாட்டியின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான்.

இரண்டு தேடல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, எழுதப்பட்டது எது என்பதைப் போலவே எத்தனை நகல் எழுதப்பட்டது என்பதும் முக்கியம் என்று தெரிகிறது. ஸ்காட்லாந்தில் 1855 முதல் பதிவேடுகள் இரண்டு படிகளாக எழுதப்பட்டன. ஒன்று ஊரில், மற்றொன்று எடின்பரோவில். தங்கவயல் வெள்ளைக்காரர்களின் பதிவு ஒன்று இங்கே, ஒன்று லண்டனில். எழுதிய பெயர்களைக்கூட ஒரே பிரதியாக வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லாவெலின் நாடே சாட்சி. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான அயர்லாந்துக் கணக்கெடுப்புத் தாள்களில் மிகப் பெரும்பகுதி சாம்பலானது. தங்கவயலுக்கு உரிமை வாங்கிய துரையின் சொந்த நாட்டுக் குடும்பங்கள் பலவும் நம் கூலித் தொழிலாளிகளைப் போலவே தடமில்லாமல் நிற்கின்றன.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. வேலைக்காகக் குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் அதற்கப்பாலும் போய்க்கொண்டே இருக்கின்றன. லைன் வீடுகளின் தகரப் பெட்டிகளில் பணிச் சான்றிதழ், பி.எஃப். சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, திருமணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை என்று கிடப்பவைதான் இந்த ஊரின் பதிவேடு. ஒவ்வொன்றும் ஒரே பிரதி. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும் பிரதி.

தங்கவயல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர் இருந்தால், எந்த ஊர்ச் சாமிக்கு மொட்டை அடித்தார்கள், அங்கே யார் வீட்டில் தங்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவின் பெயரை அவருடைய தகப்பன் பெயரோடும், பாட்டியின் பெயரை அவருடைய பிறந்த ஊரோடும் எழுதுங்கள். பெட்டியில் இருக்கும் தாள்களை முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுங்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.